ஜூலை 4 தேர்தல்: எந்தக் கட்சியும் பிடிக்கவில்லை, வாக்கை என்ன செய்வது?

கடல்நாரை | 11 ஜூன் 2024, இரவு 8:40

மே 22ஆம் தேதி பிரிட்டன் பிரதமர் சுனக் மழையில் நனைந்தபடி தேர்தலை அறிவித்ததிலிருந்து எங்கு போனாலும் ஒரே பேச்சு. "எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள், யாருக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது?" இந்தச் சலிப்பை நான் குறை சொல்லமாட்டேன்.

2010இலிருந்து ஐந்து பிரதமர்களைப் பார்த்துவிட்டோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் நான்கு நிதியமைச்சர்கள்: சுனக், ஸஹாவி, குவார்டெங், ஹன்ட். அதே ஆண்டு ஜூலை தொடக்கத்திலிருந்து அக்டோபர் இறுதிக்குள் கல்வியமைச்சர் நாற்காலியில் ஐந்து பேர் அமர்ந்தார்கள். கோப்பைப் படித்து முடிப்பதற்குள் ஆள் மாறினால் ஒரு துறை எப்படி நடக்கும்? லிஸ் டிரஸ் பிரதமரானது ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் 81,326 உறுப்பினர்கள் போட்ட வாக்கில். நாட்டில் வாக்குரிமை உள்ள நாலரைக் கோடிக்கும் மேற்பட்டோரை யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 23ஆம் தேதி அவர் அரசு வரிகளைக் குறைத்துப் போட்ட குட்டி பட்ஜெட்டால் வீட்டுக்கடன் வட்டி ஏறியது. ஓய்வூதிய நிதிகளைக் காப்பாற்ற இங்கிலாந்து வங்கி அரசுக் கடன் பத்திரங்களை வாங்கவேண்டி வந்தது.

சரி, மறுபக்கம் போகலாம் என்றால் தொழிற்கட்சி பசுமை முதலீட்டுக்கு ஆண்டுக்கு 28 பில்லியன் பவுண்டு என்று சொன்னதைப் பிப்ரவரியில் கைவிட்டது. பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழிப்போம் என்ற பேச்சும் போயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற 2017 விதியை நீக்கவும் உறுதி தரவில்லை.

என் கேள்விகள் இவை. வாக்குச்சீட்டைச் செல்லாததாக்கினால் அந்தக் கோபம் எங்காவது பதிவாகுமா? சிறு கட்சிக்குப் போட்டால் வாக்கு வீணா? பிடிக்காதவரைத் தோற்கடிக்க வேறொரு கட்சிக்குப் போடுவது எந்த அளவுக்கு நம்பகமான வழி? எண்ணிக்கை, சட்டம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

எண்ணிக்கைமேசை | 11 ஜூன், இரவு 9:55

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

இந்தியாவில் 2013 முதல் இருக்கும் நோட்டா போன்ற கட்டம் பிரிட்டன் வாக்குச்சீட்டில் கிடையாது. இங்கே நிராகரிக்கப்படும் சீட்டுகளை நான்கு வகையாகப் பிரிப்பார்கள். அதிகாரபூர்வக் குறி இல்லாதது, ஒருவருக்கு மேல் போட்டது, போட்டவர் யார் என்று அடையாளம் தெரியும்படி எழுதியது, வெறுமையாக விட்டது அல்லது யாருக்கு என்று புரியாதது. சந்தேகமான சீட்டுகளை எல்லாம் தேர்தல் அதிகாரி ஒரு பக்கம் ஒதுக்கிவைத்து, வேட்பாளர்களும் அவர்களுடைய முகவர்களும் பார்த்துக்கொண்டிருக்க ஒவ்வொன்றாக முடிவு செய்வார். ஆகவே நீங்கள் எழுதியதை வேட்பாளர் தரப்பு படிக்க வாய்ப்புண்டு. அது உண்மை.

ஆனால் அந்தக் கணக்கின் குறை என்னவென்றால், கடைசி வகையில் கோபத்தில் கோடு போட்டவரும் கைதவறிப் போட்டவரும் ஒரே எண்ணுக்குள் போய்விடுகிறார்கள். எதிர்ப்பு எவ்வளவு, தவறு எவ்வளவு என்று அறிவிப்பிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. செல்லாத வாக்கு எத்தனை ஆயிரம் வந்தாலும் மறுதேர்தலும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் குறியிட்டுவிட்டு ஓரத்தில் வசை எழுதினால், எண்ணம் தெளிவாக இருக்கிறது என்று அதை அந்த வேட்பாளருக்கே சேர்த்துவிடலாம். செல்லாததாக்கவேண்டும் என்பவர் எல்லாக் கட்டங்களையும் சேர்த்து எழுதவேண்டும். பெயரையோ கையெழுத்தையோ போடவேண்டாம்.

இப்போது பலருக்குத் தெரியாத ஒன்று. வாக்குச்சாவடியில் உங்கள் பெயருக்கு எதிரே கோடு போடுகிறார்களே, அந்தக் குறியிட்ட பட்டியலைத் தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் வாங்கலாம். யாருக்குப் போட்டீர்கள் என்று அதில் இருக்காது. வந்தீர்களா இல்லையா என்பது இருக்கும். அடுத்தமுறை எந்தக் கதவைத் தட்டுவது என்று கட்சிகள் அதை வைத்துத்தான் திட்டமிடும். மூன்று தேர்தல் தொடர்ந்து வராதவரின் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள், அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கவும் மாட்டார்கள். வீட்டிலேயே இருப்பதற்கும் சீட்டைச் செல்லாததாக்குவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். செல்லாததாக்கியவர் "வாக்களிப்பவர்" என்ற பட்டியலில் நிற்கிறார்.

---

வடக்குவாசல் | 12 ஜூன், காலை 7:15

சலிப்பின் வேர் ஆட்களிடம் மட்டும் இல்லை, எண்ணும் முறையிலும் இருக்கிறது. தொகுதியில் ஒரு வாக்கு அதிகம் பெற்றவருக்கே எல்லாம், மற்ற வாக்குகளுக்கு எதுவும் இல்லை. 2019 கணக்கைப் பாருங்கள்.

கன்சர்வேட்டிவ்: 43.6 சதவீத வாக்கு, 650இல் 365 இடம்.
லிபரல் டெமாக்ரட்: ஏறத்தாழ 37 லட்சம் வாக்கு, 11 இடம்.
ஸ்காட்லாந்து தேசியக் கட்சி: 12.4 லட்சம் வாக்கு, 48 இடம்.
பசுமைக் கட்சி: 8.65 லட்சம் வாக்கு, ஒரே இடம்.
பிரெக்ஸிட் கட்சி: 6.4 லட்சம் வாக்கு, ஒன்றும் இல்லை.

2015இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறக் கோரிய யூகிப் கட்சி 38.8 லட்சம் வாக்கு வாங்கி ஒரே ஒருவரை அனுப்பியது. 1983இல் லிபரல், எஸ்டிபி (சோஷியல் டெமாக்ரட்) கூட்டணி 25.4 சதவீதம் வாங்கி 23 இடம் பெற்றது. அதைவிட இரண்டே சதவீதம் கூடுதலாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 209 இடம். சிறு கட்சிகள்தான் பாதிக்கப்படுகின்றன என்றும் சொல்லமுடியாது. 1951இல் தொழிற்கட்சிக்கு வாக்கு அதிகம், ஆட்சி சர்ச்சிலுக்குப் போனது. 1974 பிப்ரவரியில் கன்சர்வேட்டிவுக்கு வாக்கு அதிகம், தொழிற்கட்சிக்கு 301, அவர்களுக்கு 297.

ஓர் ஊர் முழுக்கத் திரண்டு நிற்கும் கட்சிக்கு இந்த முறை அள்ளிக்கொடுக்கும். நாடு முழுக்கப் பரவி நிற்கும் கட்சியைத் தண்டிக்கும். ஜூன் 3ஆம் தேதி நைஜல் ஃபராஜ் ரிஃபார்ம் கட்சியின் (பழைய பிரெக்ஸிட் கட்சி) தலைமையை ஏற்றபிறகு இந்தமுறை இதன் விளைவு இன்னும் கூர்மையாகத் தெரியும் என்றே நினைக்கிறேன். இரண்டு பெரிய கட்சிகளும் இந்த முறையை விடாததற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. அவர்களுக்கு மாறிமாறியாவது பயன் கிடைக்கிறது.

---

சாம்பல்குருவி | 12 ஜூன், பிற்பகல் 1:30

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். பிடிக்காதவரைத் தோற்கடிக்க இரண்டாவதாக வரக்கூடியவருக்குப் போடுவது நல்ல வழிதான், ஆனால் யார் இரண்டாவது என்று தெரிந்திருக்கவேண்டும். பெரும்பாலானோர் தவறுவது அங்கேதான்.

முதலில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு உங்கள் தொகுதி எது என்று மறுபடி பாருங்கள். இந்தத் தேர்தல் புதிய எல்லைகளில் நடக்கிறது. இங்கிலாந்துக்கு 543, ஸ்காட்லாந்துக்கு 57, வேல்ஸுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. வேல்ஸ் மட்டும் 8 தொகுதிகளை இழந்திருக்கிறது. தீவுகள் போன்ற சில விதிவிலக்குகளை விட்டால் ஒவ்வொரு தொகுதியிலும் 69,724 முதல் 77,062 வாக்காளர்கள் இருக்கவேண்டும் என்று வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். பெயர் அதேயாக இருந்தாலும் தெருக்கள் மாறியிருக்கலாம். அதனால் 2019 முடிவை அப்படியே எடுக்கக்கூடாது. பழைய வாக்குகளைப் புதிய எல்லைக்குள் பொருத்திப் பேராசிரியர்கள் ராலிங்ஸும் த்ராஷரும் போட்ட உத்தேசக் கணக்கு இருக்கிறது. பிபிசி, ஸ்கை உள்பட எல்லாரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அதைப் பாருங்கள்.

இடைத்தேர்தல் முடிவிலும் இதே சிக்கல். 2022இல் லிபரல் டெமாக்ரட் வென்ற டிவர்ட்டன் ஹோனிட்டன் தொகுதி இன்றைக்கு இல்லை. அது உடைந்து ஹோனிட்டன் சிட்மவுத், டிவர்ட்டன் மைன்ஹெட் என்று ஆகிவிட்டது.

அடுத்தது துண்டறிக்கையில் வரும் பட்டை வரைபடம். "இங்கே எங்களால்தான் முடியும்" என்று ஓர் உயர்ந்த பட்டையும் ஒரு குட்டைப் பட்டையும் போடுவார்கள். மூன்று விஷயம் பார்க்கவேண்டும். எந்தத் தேர்தலின் எண்? பல நேரம் நாடாளுமன்றத் தேர்தலின் எண்ணாக இருக்காது, நகராட்சியில் ஒரு வார்டின் எண்ணாக இருக்கும். பட்டையின் உயரம் எண்ணுக்குப் பொருந்துகிறதா? கீழே சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது? அச்சிட்டவர் யார், யார் சார்பில் என்பது சட்டப்படி இருந்தாகவேண்டும். சென்ற ஆண்டு நவம்பரிலிருந்து இணைய விளம்பரத்துக்கும் இந்த விதி வந்துவிட்டது. ஆனால் சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்று விதி கிடையாது! அரசியல் விளம்பரம் விளம்பரத் தர ஆணையத்தின் வரம்புக்குள் வராது. ஒரு வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தையைப் பற்றிப் பொய் சொன்னால் மட்டுமே 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 106ஆம் பிரிவு பாயும். 2010இல் ஓல்டாம் கிழக்கு, சேடில்வொர்த் தொகுதியில் ஃபில் வூலஸ் வென்ற தேர்தல் அப்படித்தான் செல்லாததாயிற்று. கொள்கையைப் பற்றிய பொய்க்குத் தண்டனை இல்லை.

கடைசியாகத் தொகுதிவாரிக் கருத்துக்கணிப்புகள். பல்லாயிரம் பேரிடம் கேட்டு, வயது, படிப்பு, பழைய வாக்கு ஆகியவற்றை வைத்து ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு மதிப்பீடு சொல்கிறார்கள். உங்கள் தொகுதியில் அவர்கள் நேரடியாகக் கேட்டது சில டஜன் பேராக இருக்கலாம். செல்வாக்குள்ள சுயேச்சை வேட்பாளர் நிற்கும் இடங்களில் இந்தக் கணிப்பு முறை தடுமாறும். எப்படி வாக்களிப்பது என்று சொல்லும் இணையதளங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

---

மழைக்கால் | 12 ஜூன், மாலை 6:05

சாம்பல்குருவி சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் அதன் முடிவில் என்ன நடக்கிறது? பிடிக்காத இருவரில் ஒருவருக்குப் போட்டுவிட்டு, அவருக்கு மக்கள் ஆணை கிடைத்துவிட்டதாக அவரே சொல்வதை ஐந்து வருஷம் கேட்கவேண்டும். வாக்குச்சீட்டில் "மனமில்லாமல் போட்டேன்" என்று குறிக்க இடமில்லை.

சிறு கட்சிக்குப் போடும் வாக்கு வீண் இல்லை என்பதற்கு மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, வைப்புத்தொகை. வேட்பாளர் 500 பவுண்டு கட்டவேண்டும், செல்லும் வாக்கில் 5 சதவீதத்துக்கு மேல் வாங்கினால்தான் திரும்ப வரும். நூறு தொகுதிகளில் நிற்கும் கட்சிக்கு இது 50,000 பவுண்டு. நாலு சதவீதமா ஐந்து சதவீதமா என்பது அடுத்த தேர்தலில் நிற்க முடியுமா என்பதையே தீர்மானிக்கும்.

இரண்டு, ஷார்ட் பணம். எதிர்க்கட்சிகளின் நாடாளுமன்றப் பணிக்கு அரசு கொடுக்கும் நிதி. இரண்டு இடம் வென்றிருக்கவேண்டும், அல்லது ஒரு இடமும் நாடு முழுக்க ஒன்றரை லட்சம் வாக்கும் வேண்டும். தொகையை இடக்கணக்கிலும் ஒவ்வொரு 200 வாக்குக்கு இவ்வளவு என்றும் போடுகிறார்கள். தோற்ற தொகுதியில் விழுந்த வாக்கும் அதில் சேரும்.

மூன்றாவதுதான் முக்கியம். வடக்குவாசல் யூகிப் ஒரே இடம் வாங்கியதைக் காட்டினார். அந்தக் கட்சி நாட்டையே ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியே தள்ளவில்லையா? 2013 ஜனவரியில் கேமரன் பொதுவாக்கெடுப்பு தருவதாக அறிவித்தபோது அவர்களுக்குத் தேர்தலில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தன் வாக்கு கரைகிறது என்ற பயமே கன்சர்வேட்டிவை நகர்த்தியது. அவர்களுடைய அரசியல் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பெரிய கட்சி எதற்குப் பயப்படுகிறது என்பதை அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். கையை விட்டுப் போன வாக்கைத்தான் அது தேடி வரும்.

---

சாம்பல்குருவி | 12 ஜூன், மாலை 6:50

அது பாதுகாப்பான தொகுதியில் சரி. ஆயிரம் வாக்கில் தீரும் தொகுதியில் அப்படிச் செய்தால் விலை உண்டு. சென்ற அக்டோபரில் மிட் பெட்ஃபோர்ட்ஷயர் இடைத்தேர்தல்: தொழிற்கட்சி 13,872, கன்சர்வேட்டிவ் 12,680, லிபரல் டெமாக்ரட் 9,420. எதிர்ப்பு வாக்கு இரண்டாகப் பிரிந்தும் தொழிற்கட்சி 1,192 வாக்கில் தப்பியது. இன்னொரு அறுநூறு பேர் மனம் மாறியிருந்தால் முடிவு தலைகீழ். உங்கள் தொகுதி எப்படிப்பட்டது என்று பார்த்த பிறகே கொள்கையா கணக்கா என்று முடிவு செய்யச் சொல்கிறேன்.

---

மழைக்கால் | 12 ஜூன், இரவு 7:20

அது நியாயம். தொகுதியைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

---

நெடுந்தெரு | 13 ஜூன், இரவு 10:10

இன்று தொழிற்கட்சி தேர்தல் அறிக்கை வந்துவிட்டது. கன்சர்வேட்டிவ் அறிக்கை செவ்வாய்க்கிழமையே வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபின் என் கோபம் கூடியிருக்கிறது. காரணம் பணக் கணக்கு.

ஜூன் 4 தொலைக்காட்சி விவாதத்தில் சுனக் திரும்பத் திரும்பச் சொன்ன "2,000 பவுண்டு வரி" எங்கிருந்து வந்தது? தொழிற்கட்சித் திட்டங்களுக்கு 38.5 பில்லியன் பவுண்டு குறையும் என்று கன்சர்வேட்டிவ் தரப்பு ஒரு கணக்குப் போட்டது. அதை வேலை செய்வோர் உள்ள 1.84 கோடி குடும்பங்களால் வகுத்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 2,094 பவுண்டு. ஆனால் அது நான்கு ஆண்டுக்கான மொத்தம்! ஆண்டுக்கு என்று பார்த்தால் ஐந்நூற்றுச் சொச்சம். கேட்பவர் அதை ஆண்டுக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்வார். புள்ளிவிவரக் கண்காணிப்பு அமைப்பும் இதைச் சுட்டிக்காட்டியது. கருவூலத்தின் தலைமை அதிகாரியும், அந்த மொத்தத் தொகையைத் தங்கள் அதிகாரிகள் போட்டதாகக் காட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறார். கணக்கின் அடிப்படையான ஊகங்கள் ஆளுங்கட்சி ஆலோசகர்கள் கொடுத்தவை.

இது ஒரு பக்கத்தின் தவறு. இனி இரண்டு பக்கமும் சேர்ந்து மறைப்பது. வருமான வரி விலக்கு வரம்பு 12,570 பவுண்டு 2021இலிருந்து அசையவில்லை, 2028 வரை அசையாது என்று அறிவித்திருக்கிறார்கள். சம்பளம் விலைவாசிக்கு ஏற்ப 12,570இலிருந்து 15,000 ஆனால், வாங்கும் சக்தி கூடாமலேயே அந்த 2,430க்கு 20 சதவீதம், அதாவது 486 பவுண்டு வருமான வரி கட்டவேண்டும். எந்த விகிதமும் உயரவில்லை, ஆனால் வரி உயர்ந்துவிட்டது. "வருமான வரி விகிதத்தைக் கூட்டமாட்டோம்" என்று இரு கட்சிகளும் அறிக்கையில் எழுதியிருக்கின்றன. இந்த உறைவை நீக்குவோம் என்று இரண்டும் எழுதவில்லை. சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸை 12இலிருந்து 10, பிறகு 8 சதவீதமாகக் குறைத்ததை ஆளுங்கட்சி பெருமையாகச் சொல்கிறது. ஒரு கையில் கொடுத்ததை மறுகையால் எடுப்பதைச் சொல்வதில்லை.

இன்னொன்று. ஐந்தாவது ஆண்டில் கடன் விகிதம் குறையவேண்டும் என்ற விதியை இருவரும் ஏற்கிறார்கள். சுகாதாரம், பாதுகாப்பு போன்றவற்றுக்குப் பணம் உறுதி என்கிறார்கள். முக்கிய வரிகளையும் கூட்டமாட்டார்கள். மூன்றும் சேர்ந்தால் மிச்சம் இருப்பவைதான் அடிவாங்கவேண்டும்: நீதிமன்றம், சிறை, உள்ளூராட்சி. எதை வெட்டப்போகிறோம் என்று ஒரு வரிகூட இல்லை. நிதி ஆய்வு நிறுவனம் இதை வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கிலாந்து மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் இன்று வந்த கணக்கில் 75 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது. 2023 ஜனவரியில் சுனக் அதைக் குறைப்பதாக வாக்குக் கொடுத்தபோது 72 லட்சம். தொழிற்கட்சி வாரத்துக்கு 40,000 கூடுதல் சந்திப்புகள் என்கிறது. வார இறுதியிலும் மாலையிலும் அதே ஊழியர்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்கித்தான் அது நடக்கவேண்டும். வேட்பாளர் வந்தால் இதைக் கேளுங்கள்: அந்த ஊழியர் சம்மதிக்காவிட்டால் என்ன திட்டம்?

---

கடல்நாரை | 14 ஜூன், காலை 6:45

நெடுந்தெரு, இப்படி யாராவது பிரித்துச் சொல்லமாட்டார்களா என்றுதான் இழையைத் தொடங்கினேன். நன்றி.

இன்னொரு கேள்வி. வென்றபிறகு கட்சி மாறினால், அல்லது தவறு செய்தால், நடுவில் திரும்ப அழைக்க வழி உண்டா?

---

எண்ணிக்கைமேசை | 14 ஜூன், பகல் 12:20

கட்சி மாறினால் வழி இல்லை. இந்தியாவில் இருப்பதுபோன்ற கட்சித்தாவல் தடைச் சட்டம் இங்கே கிடையாது. சட்டப்படி நீங்கள் தேர்ந்தெடுப்பது ஆளை, கட்சியை அல்ல. இந்த ஆண்டிலேயே லீ ஆண்டர்சன் ரிஃபார்முக்குப் போனார், நாட்டலி எல்ஃபிக் கன்சர்வேட்டிவிலிருந்து தொழிற்கட்சிக்கு வந்தார். இடைத்தேர்தல் எதுவும் நடக்கவில்லை. 2014இல் டக்ளஸ் கார்ஸ்வெல்லும் மார்க் ரெக்லஸும் பதவி விலகி மறுபடி மக்களிடம் போனார்கள். அது அவர்களே எடுத்த முடிவு, சட்டம் கேட்கவில்லை.

தவறுக்கு 2015ஆம் ஆண்டின் திரும்ப அழைக்கும் சட்டம் இருக்கிறது, ஆனால் அதைத் தொடங்கும் சாவி மக்கள் கையில் இல்லை. மூன்று சூழ்நிலை மட்டும்: சிறைத்தண்டனை (ஓராண்டுக்கு மேற்பட்டால் பதவி தானாகவே போய்விடும்), அவையிலிருந்து 10 அமர்வு நாளோ அதற்கு மேலோ இடைநீக்கம், பொய்யான படிக்கணக்கு கொடுத்ததற்காகத் தண்டனை. அப்படி நடந்தால் தொகுதியில் ஆறு வாரம் மனு திறந்திருக்கும். பதிவு செய்த வாக்காளரில் 10 சதவீதம் கையெழுத்திட்டால் இடம் காலி. 2018இல் வடக்கு ஆன்ட்ரிமில் இயன் பெய்ஸ்லிக்கு எதிரான மனு 9.4 சதவீதத்தில் நின்றுபோனது. சென்ற ஆண்டு ஸ்காட்லாந்தின் ரதர்கிளெனில் மனு வென்றது. வாக்குறுதியை மீறியதற்காக இந்தச் சட்டத்தைத் தொடவே முடியாது.

நடைமுறையில் உங்களுக்குப் பயன்படுவது பழைய பதிவுகள். பழைய உறுப்பினர் மறுபடி நின்றால் "தே வொர்க் ஃபார் யூ" தளத்தில் எப்படி வாக்களித்தார் என்று பாருங்கள். வராத வாக்கெடுப்பை மட்டும் குற்றமாக எடுக்கவேண்டாம், இரு கட்சியினர் ஒருவருக்கொருவர் ஈடாக வராமலிருக்கும் ஏற்பாடு உண்டு. உறுப்பினர்களின் பண நலன் பதிவேட்டையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டாவது வேலை, பரிசு, பயணம் எல்லாம் அதில் இருக்கும்.

---

வடக்குவாசல் | 14 ஜூன், இரவு 9:30

பணத்தைப் பற்றிச் சொன்னதால்: தேர்தலில் ஒரு கட்சி செலவிடக்கூடிய உச்சவரம்பு ஒரு தொகுதிக்கு 30,000 பவுண்டாக இருந்தது, சென்ற நவம்பரில் 54,010 ஆக்கிவிட்டார்கள். எல்லாத் தொகுதியிலும் நின்றால் 35 மில்லியன் பவுண்டு. நன்கொடை தருபவர் யார் என்று கட்சித் தலைமை வெளியிடவேண்டிய வரம்பும் 7,500இலிருந்து 11,180க்கு ஏறிவிட்டது. பிரிட்டனில் பதிவாகி இங்கே தொழில் நடத்தும் நிறுவனம் நன்கொடை தரலாம். அந்தப் பணம் இங்கே சம்பாதித்த லாபமாக இருக்கவேண்டும் என்று விதி இல்லை. "யார் சொல்லைக் கேட்கிறார்கள்" என்று மக்கள் சலித்துக்கொள்வதற்கு இது போதாதா?

தொழிற்கட்சி அறிக்கையில் 16 வயதுக்கு வாக்குரிமை இருக்கிறது. வாங்கிய வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறை இல்லை. 2022 செப்டம்பர் மாநாட்டில் கட்சிப் பிரதிநிதிகளே அதற்குத் தீர்மானம் போட்டார்கள், தலைமை எடுக்கவில்லை. 1997 அறிக்கையிலும் பொதுவாக்கெடுப்பு தருவதாக இருந்தது, ஜென்கின்ஸ் குழு 1998இல் அறிக்கை கொடுத்தது, அதோடு நின்றது. 2011இல் வந்த பொதுவாக்கெடுப்பு விருப்ப வரிசை வாக்குக்கு. அது விகிதாசாரமே இல்லை. 67.9 சதவீதம் வேண்டாம் என்றார்கள். அதைக் காட்டி "மக்கள் ஏற்கெனவே மறுத்துவிட்டார்கள்" என்று சொல்வது சரியல்ல. ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 1999இலிருந்து கலப்பு விகிதாசாரத்தில் நடக்கிறது, அங்கே உள்ளூராட்சி 2007இலிருந்து மாற்றத்தக்க ஒற்றை வாக்கில் நடக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றத்துக்கு மட்டும் சிக்கலானது என்கிறார்கள். மாற்ற ஒரு சாதாரணச் சட்டம் போதும்.

---

தாழம்பூ | 15 ஜூன், காலை 10:00

எல்லாரும் யாருக்கு என்று பேசுகிறீர்கள். பலர் சாவடி வாசலிலேயே திரும்பவேண்டி வரும், அதையும் எழுதிவைக்கிறேன். இன்னும் மூன்று நாள்தான் இருக்கு.

பதிவு: ஜூன் 18, செவ்வாய், இரவு 11:59 வரை. இணையத்தில் ஐந்து நிமிஷ வேலை. நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கையில் இருக்கவேணும். கவுன்சில் வரி கட்டினால் தானாகப் பெயர் வந்துவிடும் என்பது தவறு. வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) இல்லாமலோ பிழையாகவோ இருப்பவர்கள் 80 லட்சம் வரை இருக்கலாம் என்று தேர்தல் ஆணையம் சொல்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர்களும் அண்மையில் வீடு மாறியவர்களும்தான் அதில் அதிகம்.

பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாதவர்கள் கவனியுங்கோ: இலங்கை, இந்தியா, மலேசியா போன்ற பொதுநலவாய நாட்டவர் இங்கே செல்லுபடியான விசாவோடு வசித்தால் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். நிரந்தர வதிவிடம் தேவையில்லை. மாணவர் விசாவும் வேலை விசாவும் போதும். நிறையப் பேருக்கு இது தெரியாது.

அடையாள அட்டை: 2023 மேயில் தொடங்கிய விதி, பொதுத்தேர்தலுக்கு இதுவே முதல்முறை. கடவுச்சீட்டு (பொதுநலவாய நாட்டினுடையதும் சரி), சாரதி அனுமதிப்பத்திரம், குடிவரவு அட்டை, மாற்றுத்திறனாளிகளின் வாகன நிறுத்தத்துக்கான நீல பாட்ஜ், மூத்தோர் பஸ் பாஸ், லண்டன் பயண அட்டையான 60+ ஆய்ஸ்டர் எல்லாம் செல்லும். காலாவதியானாலும் முகம் பொருந்தினால் போதும். மாணவர் ஆய்ஸ்டரும் ரயில் கார்டும் செல்லாது. மூத்தவரின் அட்டை செல்லும், இளையவரின் அட்டை செல்லாது என்பது அநீதி, அதை மாற்றவேணும். 2023 உள்ளூராட்சித் தேர்தலில் ஏறத்தாழ 14,000 பேர் இந்த விதியால் வாக்களிக்க முடியாமல் போனார்கள். அந்தச் சட்டம் வந்த காலத்தில் பிரதமராக இருந்த போரிஸ் ஜான்சனே போன மாதம் அட்டை இல்லாமல் வந்து திரும்பிப் போய் எடுத்து வரவேண்டியிருந்தது.

ஒன்றுமே இல்லாதவர்கள் இலவச வாக்காளர் சான்றிதழுக்கு ஜூன் 26 மாலை 5 மணிக்குள் விண்ணப்பிக்கலாம்.

---

கடல்நாரை | 15 ஜூன், காலை 11:25

தாழம்பூ அக்கா, நம் பெயர்ச் சிக்கல் என்ன ஆகும்? இடாப்பில் அப்பா பெயர் முதலெழுத்தாக இருக்கிறது, கடவுச்சீட்டில் முழுப்பெயராக இருக்கிறது, பலருக்கு இரண்டும் இடம் மாறியும் கிடக்கிறது.

---

தாழம்பூ | 15 ஜூன், பிற்பகல் 2:10

சிறிய வேறுபாட்டை, அதாவது எழுத்துப் பிழை, சுருக்கம் போன்றவற்றைச் சாவடித் தலைமை அலுவலர் ஏற்கலாம். முடிவு அவர் கையில். பெயரே வேறு மாதிரி இருந்தால், திருமணச் சான்றிதழோ பெயர் மாற்றப் பத்திரமோ கொண்டுபோகவேணும். பாதுகாப்பான வழி, இடாப்பில் பெயர் எப்படி இருக்கு என்று கவுன்சில் தேர்தல் அலுவலகத்துக்கு அழைத்துக் கேட்பதும், காட்டப்போகும் அட்டையில் உள்ளபடி 18ஆம் தேதிக்குள் திருத்திக்கொள்வதும்தான். 18க்குப் பிறகு சொன்னால் இந்தத் தேர்தலுக்கு உதவாது.

தபால் வாக்குக்கு ஜூன் 19 மாலை 5 மணி கடைசி. இதில் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். பிறந்த தேதி கேட்கும் கட்டத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுவார்கள். கையெழுத்து விண்ணப்பத்தில் போட்டதுபோல் இருக்காது. வாக்குச்சீட்டு A உறைக்குள், உறுதிமொழித் தாள் அதற்கு வெளியே B உறைக்குள். தாளை விட்டுவிட்டால் வாக்கு எண்ணப்படாது. 4ஆம் தேதி இரவு 10 மணிக்குள் வந்துசேரவேணும், தபால் முத்திரைத் தேதி கணக்கில்லை. பிந்திவிட்டால் உங்கள் தொகுதியின் சாவடியில் நேரே கொடுக்கலாம், அங்கே ஒரு படிவம் நிரப்பவேணும். உங்களுடையதோடு மற்றவர்களுடையது ஐந்து வரைதான் ஒருவர் கொடுக்கமுடியும். கவுன்சில் தபால்பெட்டியில் போட்டுவிட்டுப் போனால் ஏற்கமாட்டார்கள், இந்த மே மாதம் வந்த புது விதி.

ஜூலையில் ஊருக்குப் போகிறவர்கள் தபாலை நம்பாமல், உங்களுக்காக இன்னொருவர் போடும் பதிலாள் வாக்குக்குப் போங்கோ. ஜூன் 26 மாலை 5 மணி வரை நேரம் உண்டு. பதிலாள் தன் சொந்த அட்டையைக் கொண்டுவரவேணும், உங்களுடையதை அல்ல. அட்டை கடைசி நேரத்தில் தொலைந்தால் வாக்கெடுப்பு நாளன்று மாலை 5 மணி வரை அவசரப் பதிலாள் கேட்கலாம்.

---

மழைக்கால் | 16 ஜூன், இரவு 8:15

வேலை முடிந்து வருபவர்களுக்கு: சாவடி காலை 7 முதல் இரவு 10 வரை. 10 மணிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் வாக்களிக்க உரிமை உண்டு. யாராவது திருப்பி அனுப்பினால் வரிசையை விட்டு நகராமல் தலைமை அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.